பேஸ்மட்டமும் பேஸ்மென்டும்

நம்மூரில் கொத்தனாரிடம் "பேஸ்மட்டம்" என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். அஸ்திவாரத்துக்கு மேலே, தெரு மட்டத்திலிருந்து இரண்டடியோ மூன்றடியோ தூக்கிக் கட்டும் பகுதி. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காக உயர்த்துவது. கனடாவில் அதே சொல்லுக்கு நேர் எதிர் அர்த்தம். அங்கே பேஸ்மென்ட் என்பது தரைக்குக் கீழே, பூமிக்குள் இருக்கிற ஒரு முழுத் தளம். கெபெக் மாநிலத்துக்காரர்கள் பிரெஞ்சில் அதை 'சூ-சொல்' என்கிறார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது 'காவ்'. அது ஒயின் புட்டிகளை அடுக்கி வைக்கிற நிலவறை. சூ-சொல் அப்படியல்ல, மனிதர்கள் வசிக்கிற இடம்.

அந்த ஊரில் ஏன் வீட்டுக்கு வீடு இது இருக்கிறது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தெரிந்தது, குளிர்காலத்தில் அங்கே மண் நாலைந்து அடி ஆழம் வரை உறைந்துவிடும். உறைந்த மண் உப்பும். உப்பினால் அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும். ஆகவே அஸ்திவாரத்தை அந்த ஆழத்துக்கும் கீழே கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும். அவ்வளவு தூரம் தோண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைத்துவிடுகிறது. சரியான கணக்குதான்.

2024 ஏப்ரல் கடைசியில் நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்குப் போனோம். மாண்ட்ரியலை ஒட்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லவால் என்ற ஊர். மகளும் மாப்பிள்ளையும் அந்த வீட்டை வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பழைய வீடு, 1980-களில் கட்டியது. கீழ்த்தளத்தைச் சரிசெய்து ஓர் அறை, ஒரு குளியலறை, உட்கார ஒரு கூடம் போட்டுவிட்டால் நாங்கள் வரும்போதெல்லாம் தங்க வசதியாக இருக்கும் என்பது அவர்கள் திட்டம். "முட்டி வலிக்காரியைப் படி இறங்கச் சொல்றாங்க" என்று என் மனைவி என்னிடம் தனியாகச் சொன்னாள். அவர்களிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் நமக்காக அறை கட்டுகிறேன் என்று சொல்லும்போது படிக்கட்டைப் பற்றிப் பேச எந்தத் தாய்க்கு மனசு வரும்?

கீழ்த்தளத்தை இறங்கிப் பார்த்தேன். முந்தைய சொந்தக்காரர் பாதி வேலை செய்து வைத்திருந்தார். தரையில் வினைல் விரிப்பு, இரண்டு பக்கம் மரச்சட்டம், மேலே திறந்து கிடக்கும் உத்தரங்கள், அவற்றின் நடுவே குழாய்களும் மின்கம்பிகளும். ஒரு வீட்டுக்குத் தேவையான எல்லாமே அங்கேதான் குடியிருக்கிறது. தெருவிலிருந்து வரும் தண்ணீர் முதலில் அங்கேதான் நுழைகிறது. அதை மூடும் பிரதான வால்வு அங்கே. மின்சாரப் பலகை அங்கே. வெந்நீர்த் தொட்டி, துணி துவைக்கும் இயந்திரம், தோட்டத்துக் குழாயின் உள் வால்வு எல்லாம் அங்கே. வீட்டின் மொத்தக் கழிவுநீரும் அந்தத் தரைக்கு அடியில் ஓடித்தான் தெருச் சாக்கடைக்குப் போகிறது. நம்மூர் வீட்டில் சம்ப்பு ஒரு மூலை, மீட்டர் பெட்டி தெருப்பக்கம், சேம்பர் கொல்லையில், மோட்டார் சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழ் என்று சிதறிக்கிடப்பதையெல்லாம் ஒரே அறையில் அடைத்தது போல.

என் மகளுக்கு இவை ஒன்றும் கண்ணில் படக்கூடாது. சுவர் வழுவழுவென்று இருக்கவேண்டும், கூரையில் ஒரு கோடுகூடத் தெரியக்கூடாது. படம் படமாகக் காட்டினாள். வேலையை எடுத்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கே இருக்கிறார், நல்ல கைவேலைக்காரர். "பிள்ளை, வடிவாச் செய்து தாறன். ஆனா குழாய் வேலைக்கு லைசென்ஸ் உள்ள ஆள்தான் வரவேணும். அவர் பாத்துப்போட்டுத்தான் நான் சுவர் அடிப்பன்" என்றார். அப்படித்தான் அந்தப் பிளம்பர் வந்தார்.

பிளம்பருக்கு அறுபதைத் தாண்டிய வயது. கெபெக்வாசி, ஆங்கிலம் நாலு வார்த்தைக்கு மேல் வராது. மாப்பிள்ளைக்கு அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம், பிரெஞ்சு வணக்கம் சொல்கிற அளவுதான். மகள் வேலைக்குப் போய்விடுவாள். ஆக, புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் ப்ரவே வரை படித்து, அரசாங்கக் கோப்புகளில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிய இந்தக் கிழவன் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

அது அவ்வளவு சுலபமாக இல்லை. நாங்கள் படித்த பிரெஞ்சு பாரீஸ் உச்சரிப்பு. அவர் 'த்யூ' என்பதை 'த்ஸூ' என்கிறார். தண்ணீர்க் குழாயை நாங்கள் 'ரொபினே' என்போம். அவர் 'ஷாம்ப்ளூர்' என்றார். பழைய காலத்துச் சொல்லாம், பிரான்சிலேயே இப்போது யாரும் சொல்வதில்லையாம். இன்னொன்று, என்னைப் பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் 'நீ' போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். எங்கள் வாத்தியார்கள் பத்து வயசுப் பையனைக்கூட 'வூ' என்று மரியாதையாகக் கூப்பிட்ட பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்கு இது காதில் முள் மாதிரி குத்தியது. இரண்டு நாள் கழித்துத்தான் அங்கே அது நட்பு, அவமரியாதை அல்ல என்று புரிந்தது. நானும் 'நீ' போட்டேன். மனுஷருக்கு ஏக சந்தோஷம்.

வந்தவர் குழாய்களை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "க்ளாப்பே எங்கே?"

க்ளாப்பே என்றால் பின்னோட்டத் தடுப்பு வால்வு. கழிவுநீர்க் குழாயில் ஒரு மடிப்புக் கதவு. வீட்டிலிருந்து வெளியே போகும் தண்ணீருக்குத் திறக்கும். வெளியிலிருந்து உள்ளே வர முயன்றால் மூடிக்கொள்ளும். பெருமழையில் தெருச் சாக்கடை நிரம்பிவிட்டால் தண்ணீர் போக்கிடம் இல்லாமல் வீட்டுக் குழாய் வழியே திரும்பி வரும். திரும்பி வரும் தண்ணீர் முதலில் எங்கே தலைகாட்டும்? இருப்பதிலேயே தாழ்வான வாயில். அதாவது பூமிக்குள் இருக்கிற அந்தத் தளத்துத் தரைத் துவாரத்தில்.

மாப்பிள்ளைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வீடு வாங்கும்போது யாரும் காட்டவில்லை. பிளம்பர் துடைப்பக் கட்டையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தரையை ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே போனார். கட்டில் பெட்டி போடலாம் என்று நினைத்திருந்த மூலைக்குப் பக்கத்தில் சத்தம் மாறியது. வினைல் விரிப்பைக் கத்தியால் கீறினார். கீழே ஒரு மரப்பலகை, அதற்குக் கீழே பிளாஸ்டிக் மூடி. முந்தைய சொந்தக்காரர் தரை சமமாகத் தெரியவேண்டும் என்று அதன் மேலேயே பலகை போட்டு விரிப்பை ஒட்டியிருக்கிறார்.

மூடியைத் திறந்ததும் வந்த வாசனையைப் பற்றி எழுத வேண்டாம். மடிப்புக் கதவு இருந்தது. ஆனால் வருஷக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கிலும் சோப்புக் கசண்டிலும் திறந்தபடியே ஒட்டிக்கொண்டு நின்றது. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. இருந்தும் இல்லாதது மாதிரி. பிளம்பர் அதை விரலால் தட்டிக் காட்டி, வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து கழுவவேண்டிய சாமான் இது, கை எட்டுகிற இடத்தில் இருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம் என்றார். 1987 ஜூலை 14 பற்றியும் சொன்னார். அன்று மாண்ட்ரியலில் இரண்டு மணி நேரத்துக்குள் சுமார் 100 மில்லிமீட்டர் மழை. டெக்காரி நெடுஞ்சாலை பள்ளத்தில் ஓடுவது, அதில் கார்கள் முங்கிப்போயின. அப்போது அவர் வேலை பழகும் பையன். வாரக்கணக்கில் வீடு வீடாக நிலவறைகளில் சேறு அள்ளினாராம்.

அதே மூடிக்குப் பக்கத்தில் இன்னொரு திருகு மூடியும் இருந்தது. குழாய் அடைத்துக்கொண்டால் கம்பி விடுவதற்கான வாய். அதற்கு அவர் சொன்ன பெயர் 'ரெகார்'. எனக்குச் சிரிப்பு வந்தது. ரெகார் என்றால் நாங்கள் படித்தது 'பார்வை'. கவிதைகளில் காதலியின் பார்வைக்கு வரும் சொல். சாக்கடை மூடிக்கும் அதே பெயரா என்றேன். "ஆமாம், உள்ளே பார்ப்பதற்குத்தானே அது" என்றார்.

சங்கடம் அன்று சாயங்காலம் ஆரம்பித்தது. அந்த மூடி வந்து விழுந்த இடம் படுக்கையறையின் நட்ட நடு. மகளுக்கு அங்கே ஒட்டு இல்லாத மரத்தரை வேண்டும். மாப்பிள்ளைக்குச் செலவு கூடுமே, நாள் இழுக்குமே என்ற கவலை. அதுவும் நியாயம்தான், மாசாமாசம் வங்கிக்குக் கட்டுகிறவருக்குத்தான் தெரியும். "கழுவிட்டாருல்ல மாமா, புதுக் கதவும் போட்டாச்சு. இன்னும் பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது. மூடிடலாம்" என்றார்.

மாமனார் என்ற பதவி எவ்வளவு மெல்லிசான கயிறு என்று மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அது அவர் வீடு, அவர் பணம். நாம் ஆறு மாச விருந்தாளி. அதுவும் எங்களுக்காகக் கட்டுகிற அறை. அதைப் போய் 'இப்படிக் கட்டாதீர்கள்' என்று எந்த வாயால் சொல்வது? என் மனைவி சமையலறையிலிருந்து கண்ணால் என்னை அடக்கினாள். ஆனாலும் சொன்னேன். "மாப்பிள்ளை, நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே செய்யலாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதை மூடிட்டா, பத்து வருஷம் கழிச்சு இது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? போன சொந்தக்காரரு சொன்னாரா உங்களுக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அதைத் தீர்த்து வைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஐயா சொல்லுறதும் சரி, பிள்ளை சொல்லுறதும் சரி. மறைக்கிறது வேற, மூடுறது வேற. நான் மறைச்சுத் தாறன்" என்றார். அறைக்கும் அலமாரிக்கும் நடுவில் வரவேண்டிய தடுப்புச் சுவரை ஒன்றரை அடி நகர்த்தினார். இரண்டு மூடிகளும் அலமாரிக்குள் போய்விட்டன. அங்கே மட்டும் தரைப்பலகையைச் சதுரமாக வெட்டி, ஆணி அடிக்காமல், குழிக்குள் படுத்துக்கொள்ளும் பித்தளை வளையம் ஒன்றைப் பதித்துக் கொடுத்தார். அறை கொஞ்சம் சின்னதாயிற்று. தரையில் ஒட்டு தெரியவில்லை. மாப்பிள்ளை வந்து பார்த்தார். வளையத்தைத் தூக்கித் திறந்து, திரும்ப மூடி, "சரி" என்றார். கூடுதல் செலவு அவர் பயந்த அளவு இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு அந்த வேலையில் ஒரு ருசி வந்துவிட்டது. தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். நம்மூரிலும் இப்போது மின்தூக்கி வைத்த அடுக்குமாடி, பொய்க்கூரை, மர அலமாரிக்குள் மறைத்த மோட்டார் என்று ஆகிவிட்டதால், பார்த்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

பிரதான தண்ணீர் வால்வு தெருப்பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் அதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கதவு வைக்கப் பார்த்தார். பிளம்பர் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, கையை முழங்கை வரை உள்ளே விட்டு, ஸ்பானரையும் திருப்ப முடியவேண்டும் என்றார். அந்த வால்வின் கைப்பிடி கால் வட்டம் திரும்பக்கூடியது. அது திரும்ப இடம் வேண்டாமா? கடைசியில் கீழ்ப்பாதிச் சுவருக்கு மரப்பலகை ஒட்டும்போது, ஒரு பலகையை மட்டும் ஒட்டாமல் நாலு மூலையிலும் காந்தம் வைத்து நிறுத்தினார்கள். ஓரத்தில் நகம் வைத்து இழுத்தால் கையோடு வந்துவிடும். தெரியாதவர்கள் நாள் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அதுவும் ஓர் ஆபத்துதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

மின்பலகைக்கு எதிரே ஒரு மீட்டர் காலியாக விடவேண்டும் என்பது அந்த நாட்டு விதி. துணி அலமாரிக்குள்ளோ குளியலறையிலோ அது இருக்கவும் கூடாது. மகள் தஞ்சாவூர்ப் படம் ஒன்றைக் கொண்டுபோய் வைத்திருந்தாள்; கண்ணாடியும் சட்டமுமாக நல்ல கனம். அதைப் பலகை மேல் மாட்டி மறைக்கலாம் என்றாள். இருட்டில், பதற்றத்தில், ஒரு கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு அவ்வளவு கனத்தை இன்னொரு கையால் இறக்க முடியுமா என்று அவள் அம்மாவே கேட்டாள். ஆகவே கீல் வைத்த சாதாரணக் கதவு, சுவரின் அதே நிறத்தில். கிருஷ்ணர் எதிர்ச்சுவருக்குப் போனார். மின்கம்பிகளை இணைக்கும் பெட்டிகள் மூன்று கூரையில் இருந்தன. அவற்றையும் ஜிப்சம் பலகைக்குள் புதைக்கக்கூடாது. கம்பி சூடாகிப் புகைந்தால் பார்ப்பது எப்படி? அதனால் படுக்கையறைக்கு மட்டும் வழுவழுப்பான கூரை. குழாய்களும் பெட்டிகளும் ஓடுகிற நடைவழிக்குத் தூக்கினால் எழும்பும் சதுரத் தட்டுக் கூரை. மகளுக்கு அது பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது, சொல்லவில்லை.

பிளம்பர் கொடுத்த யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது: ஓர் அறையை மட்டும் அலங்கரிக்காதே, அம்மணமாக விட்டுவிடு. வெந்நீர்த் தொட்டியும் துவைக்கும் இயந்திரமும் இருக்கிற அறை. சுவரில் குழாய் தெரிந்தால் தெரியட்டும். அந்த அறைக்குக் கதவு வைக்கும்போது அளவெடுத்துப் பார்த்தார். கதவு தொட்டியைவிட ஒடுக்கமாக இருந்தது. தொட்டிக்கு ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான்; ஒருநாள் வெளியே எடுக்கவேண்டும், அன்றைக்குச் சுவரை இடிப்பாயா என்றார். அகலக் கதவாக மாற்றினார்கள்.

எல்லாம் முடிந்தபோது ஜூலை பாதி. எனக்கு ஒரு காரியம் மிச்சம் இருந்தது. இவ்வளவு சாமர்த்தியமாக மறைத்தாகிவிட்டது. மறைத்தவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். யாருக்கு நினைவிருக்கும்? எழுத்தர் புத்தி சும்மா இருக்குமா. சுவர் மூடுவதற்கு முன்பே ஒவ்வொரு நாளும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன், சுவரில் அளவு நாடாவை நீட்டிப் பிடித்தபடி. மகளிடம் அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லி ஒரு கோப்பு போட்டேன். முதல் பக்கம் தளத்தின் வரைபடம். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம்: பெயர் தமிழில், பிரெஞ்சில், ஆங்கிலத்தில், எந்தச் சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், எப்படித் திறப்பது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும், எப்போது சுத்தம் செய்யவேண்டும், கடைசியாகச் செய்த தேதி. பக்க எண், பொருளடக்கம் எல்லாம் உண்டு. பச்சை மையில் கையெழுத்துப் போட அதிகாரி இல்லாததுதான் குறை. மாப்பிள்ளை புரட்டிப் பார்த்து, "மாமா, செக்ரடேரியட் ஃபைல் மாதிரியே இருக்கு" என்று சிரித்தார். கேலியா பாராட்டா தெரியவில்லை. கோப்பு தொலைக்காட்சிக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. அலமாரியில் மூடிக்கு மேலே என் மனைவி எங்கள் இரண்டு பெட்டிகளையும் வைத்தாள். நான் எடுத்தேன். மறுபடி வைத்தாள். 'இங்கே எதையும் வைக்காதே' என்று தமிழில் எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு வைக்கவில்லை, ஒரு வாரம் பேசவும் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. டெபி என்ற புயல் அமெரிக்காவில் கரை கடந்து, வலுவிழந்து, மிச்ச மழையைத் தூக்கிக்கொண்டு கெபெக்குக்கு வந்தது. காலையில் பிடித்த மழை இரவு வரை விடவில்லை. மாண்ட்ரியல் பக்கம் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. நமக்கு இது கார்த்திகை மாதத்து மழை. அந்த ஊர் சாக்கடைக்கு இது பழக்கமில்லை. மாப்பிள்ளை வேலையாக டொரண்டோ போயிருந்தார். வீட்டில் மகள், பேரன், நாங்கள் இரண்டு பேர்.

சாயங்காலம் தரைத் துவாரத்தில் 'களக் களக்' என்று சத்தம் வந்தது. கோப்பை எடுத்தேன். அலமாரிக்குள் பலகையைத் தூக்கி டார்ச் அடித்துக் கேட்டேன். மூடியைத் திறக்கவில்லை, சாக்கடை நிரம்பியிருக்கும்போது திறந்தால் பீறிட்டு அடிக்கும் என்று பிளம்பர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், அதுவும் கோப்பில் சிவப்பு மையில் இருந்தது. மூடிக்குக் கீழே தண்ணீர் முட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. மடிப்புக் கதவு மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அது மூடியிருக்கும்போது நம் வீட்டுத் தண்ணீரும் வெளியே போக முடியாது. நாமே ஊற்றி நாமே மூழ்கலாம். மேலே ஓடினேன், முட்டிக்கால் வலிக்க. மகள் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் போட்டுவிட்டு, பேரனைக் குளிப்பாட்டக் குழாயைத் திறந்திருந்தாள். "எல்லாத்தையும் நிறுத்தும்மா. கக்கூஸ்லகூடத் தண்ணி விடாதீங்க" என்றேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாலு மணி நேரம், நாலு பேரும் தண்ணீர் தொடாமல் இருந்தோம். பேரனுக்கு மட்டும் ஒரு வாளி. அதைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் ஊற்றினாள் என் மனைவி.

தரைத் துவாரத்திலிருந்து ஒரு சொட்டு மேலே வரவில்லை. சன்னல் பள்ளம் வழியாகக் கொஞ்சம் கசிந்து சுவரோரம் நனைந்தது. துண்டு போட்டு ஒற்றி எடுத்தோம். எதிர்வரிசையில் இரண்டு வீடு தள்ளி ஓர் இத்தாலியக் கிழவி தனியாக இருக்கிறாள். அவள் நிலவறையில் சாக்கடைத் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மறுநாள் தெருவில் அவள் வீட்டு மெத்தையும் கம்பளமும் புகைப்பட ஆல்பங்களும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஆல்பங்களை அவள் தனியாக வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பிரியவில்லை. அந்த ஒரு நாள் மழைக்கு கெபெக் மாநிலத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்கவேண்டி வந்தது ஏறக்குறைய 250 கோடி டாலர் என்று பின்னால் செய்தி வந்தது. 1998-ஆம் வருஷத்துப் பனிப்புயலைவிட அதிகமாம்.

மாப்பிள்ளை சனிக்கிழமை மத்தியானம் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கீழே இறங்கினார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். அலமாரிக்குள் குந்தி உட்கார்ந்து, கோப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, 'மழை நாள்: 9.8.2024' என்று கீழே எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா மாமா?" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் கடைசியில் ஊர் திரும்பினோம். ஒரு மாசம்கூட ஆகவில்லை, ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 30 இரவு நாம் எல்லோரும் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது 400 மில்லிமீட்டர். லவால் பிளம்பர் கேட்டிருந்தால் தொப்பியைக் கழற்றியிருப்பார். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கக்கூஸ் தண்ணீர் போகாமல் மேலே வந்துகொண்டிருந்தது. ஆட்கள் கம்பியோடு வந்துவிட்டார்கள். "சேம்பர் மூடி எங்க சார் இருக்கு?" என்று கேட்டார்கள். வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. மகன் கல்யாணத்துக்குப் போர்ட்டிகோ முழுக்க கிரானைட் போட்டது அவர் அப்பா. அப்பா காலமாகி ஆறு வருஷம். கொத்தனாரும் இல்லை. நான் கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்து ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே போனேன். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. படிக்குப் பக்கத்தில் சத்தம் மாறியது. இரண்டு கல்லை உடைத்ததோடு போயிற்று.

டிசம்பரில் ஒருநாள் விடியற்காலை மகள் கூப்பிட்டாள். அங்கே பனி ஆரம்பித்துவிட்டது. தோட்டத்துக் குழாயை உள்ளே மூடி, குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் உறைந்து வெடித்துவிடும். "அப்பா, அந்தக் காந்தப் பலகை எதுப்பா? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"காந்தப் பலகை பிரதான வால்வும்மா. இது நடைவழிக் கூரையில, மேற்குச் சுவத்துலேர்ந்து மூணாவது தட்டு. கோப்புல ஏழாம் பக்கம் பாரு" என்றேன்.

"கோப்பு அவர்கிட்ட இருக்கு. அடுத்த வீட்டுக்காரருக்குக் காட்டறேன்னு எடுத்துட்டுப் போயிருக்காரு."

எப்போது திரும்பக் கொண்டுவருவார் என்று கேட்டு வைக்கச் சொன்னேன்.